மரியசூசை வாசித்த பம்பாய்

போரிபந்தர் ஸ்டேஷனுக்குத் தெருப் பக்கம் எத்தனை சன்னல் என்று கேட்டால் ஆறுமுகநயினார் யோசிக்காமல் சொல்வான். அதில் எத்தனை கண்ணாடி உடைந்திருக்கிறது என்று கேட்டாலும் சொல்வான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தாதரிலிருந்து வந்த டிராமை விட்டு இறங்கி ஸ்டேஷனுக்கு எதிரே நின்றதும், அவன் பெண்டாட்டி பேராச்சி கேட்டது சன்னலைப் பற்றி அல்ல.

"மயிலு எங்கன இருக்கு?" என்றாள்.

"எந்த மயிலு?"

"சன்னல் வளைவுக்குள்ள தோகைய விரிச்சிட்டு நிக்குமே. பக்கத்துல கொரங்கு கூட உண்டே. கல்லுல."

ஆறுமுகநயினார் சிரித்துவிட்டான். "ஏட்டி, இது கோயிலா? வெள்ளக்காரன் கட்டுன ரயிலடி. இதுல மயிலும் கொரங்கும் எங்கன வந்துச்சு?"

அவள் கையை நெற்றியில் குடைபிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நடந்தாள். கூட வந்திருந்த அவள் அண்ணன் அய்யாத்துரை, வாயில் வெற்றிலையோடு பின்னால் நடந்தார். பதினைந்து இருபது எட்டு வைத்ததும் பேராச்சி நின்றாள். ஆட்டுக்குட்டி காணாமல் போய்க் கிடைத்தவள் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தா!"

வளைவுக்குள் மயில் இருந்தது. தோகை விரித்திருந்தது. பக்கத்தில் குரங்கும் இருந்தது. ஆறுமுகநயினார் அந்த நகரத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம். அந்தச் சன்னலின் கண்ணாடிகளைக் கீழிருந்து மேலாக அவன் எண்ணியிருக்கிறான். கடைசிக் கண்ணாடியோடு எண்ணிக்கை முடிந்தது. அதற்கு மேலே அவன் கண் போனதில்லை.

"பாத்தியளா! நீங்க எழுதுனாப்பிலயே இருக்கு," என்றாள் பேராச்சி.

நான் எழுதவில்லையே என்ற வார்த்தை அவன் தொண்டை வரை வந்தது. மைத்துனர் பக்கத்தில் நின்றதால் அப்படியே விழுங்கிக்கொண்டான். 

ஆறுமுகநயினார் பரேலில் ஒரு பஞ்சு மில்லில் கண்ணாடி மாற்றுகிற வேலை பார்த்தான். மில்லின் கூரை ரம்பப் பல் மாதிரி வரிசை வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மழைக்கும் காக்கைக்கும் தினம் பத்துக் கண்ணாடியாவது போகும். அதை எண்ணிக் குறித்து, அளவெடுத்து, விளிம்பில் மாக்கு என்கிற ஒட்டுமாவு வைத்து மாற்ற வேண்டும். அதனால் எந்தக் கட்டிடத்தைப் பார்த்தாலும் அவனுக்கு முதலில் தெரிவது கண்ணாடிதான்.

கல்யாணம் ஆகி நாலு வருஷம். இந்த நாலு வருஷமும் ஒன்பது ஆண்களோடு கோலி என்கிற ஒற்றை அறையில் பாய் போட்டுப் படுத்திருந்தவன், நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் விட்டுவந்த பெண்டாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதினான். நாற்பத்தெட்டுக் கடிதம். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டிடம். ஊர், தேதி, நலம், நலம் அறிய அவா; அதன்பின் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு உயரம், வாசல், சன்னல், உடைந்தவை. ஸ்டேஷன், மார்க்கெட், மணிக்கூண்டு, லால்பாக்கின் காஸ் தொட்டி, பைக்குல்லாவின் புகைக்கூண்டுகள் எல்லாம் அப்படித்தான் போயின. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் நோட்டில் இருந்தது.

பெண்டாட்டிக்கு எழுத அது தவிர ஒன்றும் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் சைக்கிளை அடுத்த ஊருக்குத் திருப்புவார். கடிதம் ஒருத்திக்கு, கேட்பது பத்துப் பேர். பத்துப் பேர் காதில் விழப்போகிற தாளில் ஒரு மனுஷன் பெண்டாட்டிக்கு என்னத்தை எழுதுவான்? அவன் கட்டிடத்தை எழுதினான். லீவில் ஊருக்குப் போனபோது கூரை மேய்வதும் கல்யாணச் சோறு உண்பதுமாக நாள் ஓடியது. கடிதத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இப்போது தாராவியில் தனியாக ஒரு கோலி கிடைத்திருந்தது. தகரக் கூரைதான், ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. கருப்பட்டி மூட்டைகளோடு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகிற அய்யாத்துரையிடம் சொல்லி, இந்த மாசியில் அவளையும் கூட்டிவரச் செய்திருந்தான். அவள் ஒரு நிபந்தனையோடு வந்திருந்தாள். வந்து பார்ப்பாள். பிடித்தால் இருப்பாள். இல்லையென்றால் வியாழக்கிழமை அண்ணனோடு ரயிலேறிவிடுவாள். ஆடுகளைத் தங்கச்சி சண்முகவடிவிடம் பத்து நாள் தவணையில்தான் ஒப்படைத்திருந்தாள்.

அவளுக்கு நகரத்தைக் காட்ட அவன் ஒரு மாதமாக வரிசை போட்டு வைத்திருந்தான். எந்தக் கட்டிடம் முன்னே, எது பின்னே, எங்கே நிறுத்தி எதைச் சொல்வது என்பது வரை. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"வாசல் தூணுல பாருங்க அண்ணே, இந்தப் பக்கம் சிங்கம், அந்தப் பக்கம் புலி," என்று அய்யாத்துரைக்குக் காட்டினாள். "சிங்கம் வெள்ளக்காரன் நாடாம். புலி நம்ம நாடாம். புலி கொஞ்சம் மெலிஞ்சிருக்கும்னு சொன்னாவ. அப்பிடி ஒண்ணும் தெரியலயே."

"யாரு சொன்னா?" என்றான் ஆறுமுகநயினார்.

"கடுதாசிலதான்."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. ஸ்டேஷனைத் தாண்டி, அவன் வரிசையிலேயே இல்லாத ஒரு பக்கம் திரும்பினாள். அங்கே பெரிய தபாலாபீஸ், தலையில் கும்மட்டத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அதைப் பற்றி அவன் எழுதியதே இல்லை.

"இதானே பெரிய தபாலாபீசு?"

"ஆமா. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தக் கும்மட்டத்துக்குக் கீழதான மரியசூசை அண்ணன் யுத்தத்துல மூணு வருசம் மூட்ட தூக்குனாவ. உள்ள நின்னு கூப்பிட்டா நம்ம சத்தம் நமக்கே திரும்பி வருமாம்."

ஞாயிற்றுக்கிழமையாதலால் பெரிய கதவு சாத்தியிருந்தது. பேராச்சி படியேறிப் போய், உள்ளங்கையைக் கருங்கல் சுவரில் பதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ரயிலடியில் கூட அவள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

ஆறுமுகநயினாருக்குக் காது மடல் சுட்டது. மரியசூசை அவர்கள் ஊர்த் தபால்காரர். ஐம்பத்தைந்து வயது, முன்பல் நாலு கிடையாது, இடது கால் கொஞ்சம் சாய்வு. சைக்கிளை ஓட்டுவதைவிடத் தள்ளுவது அதிகம். அந்த ஆளைப் பற்றி இதுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ நினைக்க அவனுக்குக் காரணமே இருந்ததில்லை. இப்போது அந்த நாலு பல் இல்லாத வாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதன்பின் அன்றைய நாள் அவன் கையில் இல்லை. ராஜாபாய் மணிக்கூண்டின் கீழே போய் நின்று, "இருநூத்தி எம்பது அடி," என்று அவன் தொடங்கினான்.

"கண்ணு தெரியாத அம்மைக்கு நேரம் கேக்கட்டும்னு மகன் கட்டிக் குடுத்ததாம்லா," என்றாள் அவள். "பொழுது அடையுமுன்ன சாப்பிடணும், அந்த அம்மைக்கு விரதம். மணி கேட்டுத்தான் உண்ணுவாவளாம். அத வாசிச்ச அன்னிக்குக் கிணத்தடில ஒருத்தியும் தண்ணி எறைக்கல."

"நாலு மொகம் கடியாரம்," என்றான் அவன், விட்டுக்கொடுக்காமல்.

"இருக்கட்டும்," என்றாள் அவள்.

அய்யாத்துரை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏன் மாப்ளே, ஒம்ம கடுதாசிய நீரே படிக்கிறதில்லியா? எழுதுனதெல்லாம் மறந்துபோச்சுங்கீரு!" என்றார்.

கடைசியாகக் கடல் ஓரத்துப் பெரிய வளைவு வாசலுக்குப் போனார்கள். பேராச்சி முன்னால் போய்ப் பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். "வாசல் இம்புட்டுப் பெருசாக் கட்டியிருக்காவ. வீட்டக் காணுமே," என்றாள்.

அய்யாத்துரை சத்தமாகச் சிரித்தார். ஆறுமுகநயினாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதுவும் அவன் சொன்னதா?"

"எவன்?"

"அதான், ஒன் அண்ணன். தபால்காரன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இது நாஞ் சொன்னது," என்றாள்.

எது அவள் சொன்னது, எது தபால்காரன் சொன்னது என்று பிரிக்கமுடியாமல் போனதுதான் அவனை இன்னும் எரித்தது. திரும்பும்போது மாடி டிராமில் ஏறினார்கள். அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவன் சட்டையையும் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பரேல் புகைக்கூண்டுகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தாள். 

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிரங்குப் பெட்டியைத் திறந்து நகல் நோட்டை எடுத்தான். அவள் அடுப்பில் இருந்தாள். எட்டாம் கடிதம், போரிபந்தர்: மயில் இல்லை, குரங்கு இல்லை, சிங்கம் புலி இல்லை. பதினாலாம் கடிதம், ராஜாபாய்: கண் தெரியாத அம்மை இல்லை. நாற்பத்தெட்டையும் புரட்டினான். அவன் எழுதியது அவன் எழுதியபடியே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் "வேறு விசேஷம் இல்லை" என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது.

அப்படியானால் இந்த நாலு வருஷமும், மாதம் ஒருமுறை, ஊரறியக் கிணற்றடியில் உட்கார்ந்து, அவன் பேரைச் சொல்லி அவன் பெண்டாட்டியிடம் பேசியது வேறொருத்தன். அவள் சிரித்திருந்தால் அந்த ஆளுக்குச் சிரித்திருக்கிறாள். இரவு நினைத்துப் பார்த்திருந்தால், எந்தச் சொல்லை நினைத்துப் பார்த்திருப்பாள்? "உடைந்தவை ஒன்பது" என்பதையா?

சோறு போடும்போது அவள் கேட்டாள்: "நாளைக்கு மில்லுக்குக் கூட்டிட்டுப் போறியளா? அந்தக் கோபுரத்தப் பாக்கணும்."

"என்ன கோபுரம்?"

"அங்கன வந்து சொல்லுதேன்."

திங்கட்கிழமை, முதல் பாளி வேலை மூன்றரைக்கு முடிந்தது. சங்கு ஊதி, ஆட்கள் அணை உடைந்த மாதிரி வெளியே வந்தபோது, எதிர்ச்சாரியில் வடைக்கடை ஓரமாக அண்ணனும் தங்கையும் நின்றார்கள். பேராச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லின் மூலையில், செங்கல் கோபுரத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி இருந்தது. பக்கவாட்டில் இரும்பு ஏணி.

"அதானா?" என்றாள்.

"தண்ணித் தொட்டி. அதுக்கென்ன?"

"சங்கு ஊதுனதும் அதுல ஏறி, ஒரு நாழி நேரம் தெக்க பாத்து நிப்பியளாமே. நம்ம ஊரு அந்தப் பக்கந்தான்னு." அவள் குரல் இறங்கிவிட்டது. அண்ணன் காதில் விழாமல் சொல்ல நினைத்தாள்.

ஆனால் அய்யாத்துரைக்குப் பாம்புக் காது. "ஊருல பொம்பளையளுக்கெல்லாம் இது தெரியும் மாப்ளே," என்றார். "பிச்சம்மா பெரியம்ம இதச் சொல்லிச் சொல்லி மூக்கச் சிந்துவா. ஒம்மள நெனச்சு எங்க ஊருல மூணு பேராவது அழுதிருப்பாளுவ."

ஆறுமுகநயினார் கோபுரத்தைப் பார்த்தான். எந்த மில்லில் தண்ணீர்த் தொட்டி இல்லை? மூன்று வருஷம் பம்பாயில் இருந்தவனுக்கு இது தெரியாதா? ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அவள் முகம் நேற்று மயிலைக் கண்டபோது மலர்ந்த மாதிரி மலரும். வியாழக்கிழமை ரயில் அவள் இல்லாமல் போகும். ஆனால் அந்த மலர்ச்சிக்குச் சொந்தக்காரன் யார்? அவனுக்கு அவள் வேண்டும். ஆனால் அந்த ஆள் கையால் வாங்கி வேண்டாம்.

"பொய்," என்றான். "நான் அதுல ஏறுனதே இல்ல. ஏற விடவும் மாட்டான். ஒரு கடுதாசிலயும் நான் அப்பிடி எழுதல. மயிலு எழுதல, புலி எழுதல, கண்ணு தெரியாத அம்மையும் எழுதல. நகல் வச்சிருக்கேன், வேணும்னா ஆள விட்டுப் படிச்சுப் பாரு. எல்லாம் அந்தத் தபால்காரன் அளந்தது. நாலு வருசமா ஒன்ன ஏமாத்தியிருக்கான்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் விழும் என்று காத்திருந்தான். விழவில்லை.

"ஏமாத்துனாவளா?" என்றாள் பேராச்சி. "எனக்குத் தெரியாதாக்கும்."

"என்ன தெரியும் ஒனக்கு?"

"எழுத்துத்தான் தெரியாது. வெள்ளத் தாளுமா தெரியாது?"

மில் ஆட்கள் சைக்கிள் மணியடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"மொதக் கடுதாசி வந்த அன்னிக்கு நான் தலை சீவிப் பூ வச்சிட்டுப் போயி உக்காந்தேன். புதுப் பொண்ணு கடுதாசி கேக்கப்போறான்னு பத்துப் பேரு வந்து உக்காந்தாளுவ. சன்னலு இத்தன, வாசலு இத்தன, வேறு விசேஷம் இல்ல. ஒரு பாக்க மெல்லுமுன்ன முடிஞ்சுபோச்சு. பிச்சம்மா பெரியம்ம கேக்கா: 'இம்புட்டுத்தானாட்டி? வீட்ட வெலைக்கு வாங்கப் போறானா ஒன் மாப்பிள்ள?' அம்புட்டுப் பேரும் சிரிச்சாளுவ. எனக்கு எந்திரிக்கவும் முடியல, இருக்கவும் முடியல. 'இன்னும் இருக்காண்ணே?'ன்னு கேட்டேன். அவிய என் மூஞ்சியப் பாத்தாவ. பொறவு தாளத் திருப்புனாவ. அங்கன ஒண்ணும் இல்ல. வெள்ள. எனக்கு நேரா இருந்துச்சு, நான் பாத்தேன். 'இருக்கும்மா'ன்னு சொல்லி வாசிச்சாவ."

பின்னால் மணியடித்த சைக்கிளுக்கு ஆறுமுகநயினார் ஒதுங்கி நின்றான்.

"பொறவு மாசாமாசம் நான் கேப்பேன், அவிய திருப்புவாவ. ஊருக்கு அது நீங்க எழுதுனது; நானும் அப்பிடியே சொல்லிட்டேன். அம்புட்டுத்தான்."

"அப்ப நாலு வருசமா நீ கேட்டது அவன் பேச்சத்தான்."

"நீங்க பேசியிருந்தா அதக் கேட்டிருப்பேன்."

அய்யாத்துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பேச்சு எங்கே போய் முட்டுமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மில் கூரையைக் கைநீட்டிக் காட்டி, "அது என்ன மாப்ளே, ரம்பப் பல்லு மாதிரி? அங்கனதான் ஒமக்கு வேலயா?" என்றார்.

"ஆமா. அந்தக் கண்ணாடிதான்."

"ஏன் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி?"

"அது வடக்குப் பக்கம். வெளிச்சம் வரணும், வெயிலு வரக்கூடாது. நேரா வெயிலு விழுந்தா நூலு காஞ்சு அறுந்துரும்."

பேராச்சி கூரையை இடமிருந்து வலம் பார்த்தாள். தெரியாத ஊருக்கு வந்த மூன்று நாளில் அவளுக்கு எந்தத் தெருவின் பேரும் தெரியாது. ஆனால் எது கிழக்கு, எது தெற்கு என்று வந்த அன்றே தெரியும்.

"கண்ணாடி வடக்க பாத்து இருக்கு. உள்ள நின்னு மாத்துவியளா, வெளிய நின்னா?"

"வெளிய. கூரை மேல."

"அப்ப ஒங்க மூஞ்சி தெக்கதான இருக்கும்?"

அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். 

"நாள் பூரா," என்றாள் அவள்.

அய்யாத்துரை தொடையைத் தட்டினார். "அடிச்சாள்லா! பாத்தீரா மாப்ளே, தபால்காரன் சொன்னது சரியாத்தான் இருக்கு. எடந்தான் ஒரு இருவது அடி தள்ளிப்போச்சு."

இன்னொருவனாக இருந்தால் அந்த இடத்தில் சிரித்துச் சமாதானமாகியிருப்பான். ஆறுமுகநயினாருக்கு அது புண்ணில் புளியைத் தடவினது போலிருந்தது. மறுநாள் கூரையில் மாக்கு உருண்டையோடு குந்தியபோது, முகம் தெற்கே பார்த்துத்தான் இருந்தது. உடம்பைக் கொஞ்சம் கிழக்கே திருப்பி உட்கார்ந்து பார்த்தான். கண்ணாடி கையிலிருந்து நழுவப் பார்த்தது. மறுபடி தெற்கே திரும்பினான். பன்னிரண்டு வருஷமாக அவன் பாட்டுக்கு வேலை பார்த்த கூரையில், இந்த மில் வாசலையே மிதிக்காத ஒருத்தன் வந்து, இந்தா இப்படிப் பார்த்து உட்கார் என்று அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்ட மாதிரி இருந்தது. அன்று இரண்டு கண்ணாடி உடைத்தான்.

புதன்கிழமை மாலை அவன் வேலை முடிந்து வந்தபோது பேராச்சி வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தாள். "அண்ணன் நாளைக்குப் போகட்டும்," என்றாள். "நான் ஐப்பசி வரைக்கும் இருக்கேன். பொறவு பாப்பம்."

அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆனால் அவன் மனசில் முதலில் ஓடியது அவள் இருக்கப்போகிறாள் என்பது அல்ல. இனிமேல் மாதக் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் அந்த வாய்க்கு வேலை இல்லை. கிணற்றடிக் கல்லில் அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தான். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"சண்முகவடிவுக்கு ஒரு கடுதாசி எழுதணும்," என்றாள் பேராச்சி.

குளிர்ச்சி அப்படியே வற்றியது.

"மச்சான்தான் நாளைக்குப் போறாவளே? வாயால சொல்லிட்டாப் போச்சு."

"அண்ணன் சொன்னா அவளுக்கு மட்டுந்தான் தெரியும். தபால்ல வந்தாத்தான கிணத்தடில வாசிப்பாவ. பிச்சம்மா பெரியம்ம கேக்க வேண்டாமா, வீட்ட வெலைக்கு வாங்கியாச்சான்னு? எழுதுங்க."

அவன் பெட்டி மேல் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தான். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். தங்கச்சிக்கு நலம். கருப்பாட்டுக்குக் கால் நொண்டுகிறதா பார்க்கவும். நான் ஐப்பசி வரை இங்கே. கோலி நன்றாக இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, குழாய்க்கு மட்டும் விடியுமுன் போக வேண்டும். அவன் எழுதினான்.

"மரியசூசை அண்ணன்ட்டச் சொல்லு: மயிலப் பாத்துட்டேன், கொரங்கையும் பாத்துட்டேன், கும்மட்டத்துச் செவுத்தத் தொட்டுட்டேன்."

அவன் பேனா தாளுக்கு ஒரு நூல் மேலே அசைந்தது. தாளைத் தொடவில்லை.

"வாசிங்க பாப்பம்."

அவன் வாசித்தான். தாழ்ப்பாள் வந்தது, குழாய் வந்தது. இல்லாத வரி வந்தபோது குரல் தடுமாறும் என்று பயந்தான். தடுமாறவில்லை. மயில், குரங்கு, கும்மட்டத்துச் சுவர் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. "அவர்களுக்கு என் வணக்கத்தையும் சொல்லவும்," என்று முடிவில் தானாகவே ஒன்று சேர்ந்துகொண்டது. இவ்வளவு சுலபமா இது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வணக்கம் நாஞ் சொல்லலியே?"

"மரியாதைக்கு."

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போனாள்.

அவன் தாளை மடிக்கப் போனான். மடிக்கும்போது பார்த்தான். எழுதியது ஏழு வரி. அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. திருப்பினான், பின்பக்கம் முழுக்க வெள்ளை.

சண்முகவடிவு கிணற்றடியில் உட்கார்ந்திருப்பாள். "இன்னும் இருக்காண்ணே?" என்பாள். அந்த ஆள் கட்டைவிரலை எச்சிலில் நனைப்பான். தாளைத் திருப்புவான். இந்த வெள்ளையிலிருந்து பேராச்சியை எடுத்து வாசிப்பான். அவள் எதைப் பார்த்துச் சிரித்தாள், எங்கே நின்றாள், எதைத் தொட்டாள் என்று, கூடவே இருந்தவன் மாதிரி வாசிப்பான். போதாததற்கு அது அத்தனையும் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

ஆறுமுகநயினார் தாளை மறுபடி பெட்டி மேல் வைத்தான். ஒரு நகக்கண் இடம் மிச்சம் வைக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

முதலில் தெரிந்ததை எழுதினான்: கோலியின் நீளம், அகலம், தகரம் எத்தனை தாள், ஓட்டை எத்தனை. அரைப் பக்கத்தில் தீர்ந்துபோயிற்று. பேனாவைக் கடித்தான். பிறகு, உன் அக்கா ரயிலடியில் மயிலைத் தேடினாள் என்று எழுதினான். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடினாள், நான் இல்லை என்றேன், அவள் கண்டுபிடித்தாள். அந்த மயிலுக்குக் கீழே நான் பலமுறை நின்றிருக்கிறேன், பார்த்ததில்லை. கடற்கரை வாசலைப் பார்த்து வீட்டைக் காணோமே என்று கேட்டாள், பிச்சம்மா பெரியம்மையிடம் சொல்லவும். டிராமில் வரும்போது ஒரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள். இரண்டு இடத்தில் சட்டை கசங்கியிருக்கிறது, நான் தோய்க்கப் போடவில்லை. பத்துப் பேர் கேட்பார்கள் என்ற நினைப்பு இந்த இடத்தில் ஒரு முறை வந்து கையைப் பிடித்தது. பக்கத்தில் இருந்த வெள்ளையைப் பார்த்தான். கேட்டால் கேட்கட்டும் என்று மேலே எழுதினான்.

"சோறு ஆறுது," என்றாள் பேராச்சி.

"வாரேன்."

பின்பக்கம் போனான். எழுத்து பொடியாகிக்கொண்டே வந்தது. வரி முடிந்த இடத்தில் ஓரமாகத் திரும்பி மேலே ஏறியது, மறுபக்க ஓரத்தில் கீழே இறங்கியது.

அவள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "நாஞ் சொன்னது நாலு வார்த்த. நீங்க என்ன கிரயப் பத்திரமா எழுதுதிய?"

"கொஞ்சம் இரு."

"அப்பிடி என்னதான் எழுதுதிய? வாசிச்சுக் காட்டுங்களேன்."

"பொறவு," என்றான் அவன். காது மடல் சிவந்திருந்தது.

கடைசியில் பின்பக்கத்தின் வலது மூலையில் ஒரு விரல் அகலம் மிஞ்சியது. அதையும் விட அவனுக்கு மனசில்லை. உள்ளதிலேயே சின்ன எழுத்தில், ஆனால் படிக்கிறவன் கண்ணுக்குத் தப்பாதபடி அழுத்தி எழுதினான்:

"இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாசிக்கிறவர் இத்துடன் நிறுத்திக்கொள்ளவும்."

மை காய ஊதினான். தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். வெள்ளை எங்கும் இல்லை. நாலாக மடித்துக் கவருக்குள் போட்டு, பசையை இரண்டு தரம் தடவி ஒட்டிவிட்டுச் சாப்பிட எழுந்தான்.